அம்புத் துளை வைத்த மடத்து வாசல்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. சுருக்கமாகப் பெரி. ஊரின் நடுவே ஏஞ்சல் ஹில் என்ற அகலமான திறந்தவெளி. ஒரு காலத்தில் அதன் கிழக்கு ஓரம் முழுக்கப் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்து மதில் நின்றது. மடம் போய்விட்டது. மதிலில் இருந்த இரண்டு பெரிய வாயில்கள் மட்டும் இன்னும் தலை நிமிர்ந்து நிற்கின்றன.

ஏஞ்சல் ஹில்லுக்கு நேர் எதிரே இருப்பது பெருவாயில். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. முதல் பார்வைக்கு ஒரு நகைப் பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். சுவர் முழுக்கச் சிலை மாடங்கள். ஒவ்வொரு மாடத்தின் மேலும் இலை வேலைப்பாடுள்ள கூரான விதானம். சிலைகள் எப்போதோ போய்விட்டன. காலியாக இருக்கும் மாடங்களின் பின்சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒல்லியாக, செங்குத்தாக ஒரு பிளவு தெரியும். உள்ளே வில்லோடு நிற்பவன் வெளியே அம்பு எய்வதற்கான துளை அது. சிலை இருந்த நாளில் துளை அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

ஜெபமும் உபவாசமுமாக வாழ்ந்த துறவிகள் யார் மேல் அம்பு விட நினைத்தார்கள்? பதில் சங்கடமானது. வாயில் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் இருப்பது ஊர். கடல் கடந்து வரும் பகைவரை எண்ணி அது கட்டப்படவில்லை. எதிர்த் தெருவில் குடியிருந்த சனங்களை எண்ணிக் கட்டப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள மடம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எட்மண்ட் என்பவர் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர். 869இல் டேனியப் படையினர் அவரைக் கொன்றார்கள். மக்கள் அவரைப் புனிதராக வணங்கத் தொடங்கினார்கள். சில பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய உடல் இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. ஊருக்கு அப்போது பியோட்ரிக்ஸ்வொர்த் என்று பெயர். 1020இல் கனூட் அரசர் இங்கே பெனடிக்ட் சபைத் துறவிகளைக் குடியமர்த்தினார். கனூட்டும் டேனியரே. தன் இனத்தார் கொன்ற அரசருக்கு அவரே மடம் அமைத்துக் கொடுத்தார் என்பது இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட ஒரு விஷயம்.

பின்னால் வந்த ஆங்கிலேய அரசர் எட்வர்ட், மேற்கு சஃபோக் பகுதி முழுவதன் மீதும் நீதி விசாரிக்கும் உரிமையையும் அரசக் கட்டணங்கள் வாங்கும் உரிமையையும் மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆக, மடாதிபதி வெறும் ஆன்மிகத் தலைவர் இல்லை. அந்த வட்டாரத்துக்கு அரசர் மாதிரி. 1065இல் மடாதிபதியான பால்ட்வின் பிரான்ஸிலிருந்து வந்தவர், அரசருக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் ஊரை நேர் தெருக்களாகத் திட்டமிட்டு விரித்தார். முன்பு உழுது விதைத்த மடத்து நிலத்தில் 342 வீடுகள் எழுந்துவிட்டதாக 1086ஆம் ஆண்டு எடுத்த நிலக் கணக்கு சொல்கிறது. வீடு கட்டியவர் எல்லோரும் மடத்தின் குடிகள். ஊரே மடம் போட்ட ஊர்.

ஊரைத் திட்டமிட்டவர் மனத்தில் இருந்த கோடு இன்றும் தெரிகிறது. சர்ச்கேட் தெரு நேராகக் கிழக்கே போகிறது. அதன் முடிவில் முதல் வாயில். அதற்கு அப்பால், அதே கோட்டில், மடத்துப் பேராலயத்தின் மேற்கு வாசலும் பலிபீடமும். தெருவில் நடப்பவர் கண்ணை எடுக்காமல் புனிதரின் சமாதியை நோக்கிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முதல் வாயிலை இன்று நார்மன் கோபுரம் என்கிறார்கள். 1120க்கும் 1148க்கும் இடையில், மடாதிபதி ஆன்செல்ம் காலத்தில் எழுந்தது. ஆன்செல்ம் ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோவுக்கு, புனித யாக்கோபின் சமாதிக்கு, யாத்திரை போக ஆசைப்பட்டார். மடத்துத் துறவிகள் விடவில்லை. யாத்திரைக்குப் பதிலாக அதே புனிதரின் பெயரில் இங்கேயே ஒரு கோயில் கட்டினார். அந்தக் கோயிலுக்கு இந்த வாயிலே மணிக்கூண்டாகவும் ஆனது.

நான்கு அடுக்கு. அரைவட்ட வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. கனத்த சுவர், பெரிய வழி, மேற்குப் பக்கம் முன்னால் நீட்டிய முக்கோண முகப்பு. ஒளிந்து நின்று அம்பு எய்ய அதில் ஓர் இடமும் இல்லை. வருகிறவரைப் பிரமிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு எதுவும் அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியவில்லை. அதைக் கடந்து உள்ளே போனால் பேராலயத்தின் வாசலில் வெண்கலக் கதவுகள் இருந்தன. வார்த்தவர் ஹியூகோ என்ற கலைஞர். அவர் வண்ணம் தீட்டிய விவிலியப் பிரதி இன்றும் கேம்பிரிட்ஜில் பத்திரமாக இருக்கிறது. கதவுகள் இல்லை.

கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சஃபோக்கில் கட்டடம் கட்டத் தோதான கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் கிடைப்பது தீக்கல் மட்டுமே. உடைத்தால் கண்ணாடிபோல் சிதறும் கருங்கற்கட்டி. அதைச் சதுரமாகச் செதுக்கிச் சிற்பம் வடிப்பது ஆகாத காரியம். நல்ல சுண்ணக்கல் வேண்டும் என்றால் பீட்டர்பரோ பக்கம் இருக்கும் பார்னாக் சுரங்கத்திலிருந்து கொண்டுவர வேண்டும். சதுப்பு நிலத்து ஆறுகள் வழியே படகில் ஏற்றி, மிச்ச தூரம் வண்டியில். பால்ட்வின் காலத்திலேயே இதற்கு அரசர் முதலாம் வில்லியமிடம் சுங்க விலக்கு வாங்கியிருந்தார்கள். இவ்வளவு செலவு பிடிக்கும் கல்லைச் சுவர் முழுக்கப் போட முடியாது. எனவே உள்ளே தீக்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொட்டி இறுக்கினார்கள். வெளியே மட்டும் செதுக்கிய கல்லை ஒரு தோல் மாதிரி போர்த்தினார்கள். இந்த ஏற்பாடு பின்னால் மடத்தின் கதியையே தீர்மானித்தது.

சரி, சண்டைக்கு வருவோம்.

புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிவைத்த விதிகளில் 66ஆம் அத்தியாயம் வாசல் காப்பவரைப் பற்றியது. வாசலில் இருப்பவர் விவேகமுள்ள முதியவராக இருக்க வேண்டும். கேட்பதை வாங்கிக்கொண்டு பதில் சொல்லத் தெரிந்தவராக, கண்ட இடத்துக்கு அலையாதவராக இருக்க வேண்டும். அவர் அறை வாசலை ஒட்டியே இருக்க வேண்டும். யாராவது தட்டினாலோ ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலோ உடனே 'இறைவனுக்கு நன்றி' என்று சொல்லி எழ வேண்டும். வேறொரு அத்தியாயம் விருந்தினர் எல்லோரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. ஒரு மடத்து வாசலுக்கு இதைவிட அழகான இலக்கணத்தை நான் கண்டதில்லை.

ஆனால் பெரியில் அதே வாசலைத் தாண்டித்தான் வரியும் உள்ளே போனது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே துறவியாக இருந்த பிரேக்லாண்ட் ஜோசலின் மடத்து அன்றாடங்களை ஒரு வரலாறாக எழுதிவைத்திருக்கிறார். அறுவடைப் பணம் என்று வீட்டுக்கு ஒரு பென்னி வாங்கும் வழக்கம் ஒன்றை அதில் சொல்கிறார். பணக்காரர்கள் தப்பிவிடுவார்கள். கட்ட முடியாத ஏழை வீட்டில் முக்காலியையும் கதவையும் தூக்கிக்கொண்டு போவார்கள் உக்கிராணத்து ஆட்கள். கிழவிகள் நூல் நூற்கும் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவர்களைத் திட்டித் துரத்துவார்கள். கடைசியில் மடாதிபதி சாம்சன் ஊரோடு பேசி, ஆண்டுக்கு 20 ஷில்லிங் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று முடித்தார்.

அதே சாம்சனின் மறுபக்கமும் ஜோசலினிடம் கிடைக்கிறது. 1191இல் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தன் நிலத்தில் ஒரு காற்றாலை கட்டினார். காற்று எல்லோருக்கும் பொது, என் தானியத்தை நான் அரைத்துக்கொள்கிறேன் என்பது அவர் வாதம். சாம்சனுக்கு வந்த கோபம் அடங்கவில்லை. ஆலையைப் பிரித்துப் போடும்வரை சாப்பாடு தொட மாட்டேன் என்றார். மடத்து ஆட்கள் போய்ச் சேருவதற்குள் ஹெர்பர்ட்டே அதைப் பிரித்துவிட்டார். மாவு அரைக்கும் உரிமை, சந்தையில் கடை போடும் உரிமை, ஊருக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை எல்லாமே மடத்தின் கையில். நாட்டின் வேறு ஊர்கள் அரசரிடம் சாசனம் வாங்கித் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கம்பளி வியாபாரத்தில் வளர்ந்துவிட்ட பெரியின் வணிகர்களுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? 1264இலும் அதன் பிறகும் உரசல்கள் வந்தன, அடங்கின.

1327 ஜனவரியில் அடங்கவில்லை. முந்தைய இலையுதிர் காலத்தில் அரசி இசபெல்லா தன் கணவர் இரண்டாம் எட்வர்டை எதிர்த்துப் படையோடு சஃபோக் கரையில் இறங்கியிருந்தார். அரசர் பதவி இழந்தார். நாட்டில் யார் ஆட்சி என்றே தெளிவில்லாத அந்த நேரத்தில் ஊரார் திரண்டு மடத்துக்குள் புகுந்தார்கள். துறவிகளை அடைத்துவைத்தார்கள். பொன், வெள்ளி, நூல்கள் போயின. அவற்றோடு சாசனங்களையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மடத்தின் ஒவ்வொரு உரிமையும் ஏதோ ஒரு தோல் சுருளில்தான் எழுதியிருந்தது. அந்தச் சுருள் இல்லையென்றால் உரிமை இல்லை என்று மக்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். அப்போது லண்டனில் இருந்த மடாதிபதி ரிச்சர்ட் திரும்பி வந்ததும், ஊருக்கு வணிகர் சங்கமும் பொது முத்திரையும் தருவதாக ஒரு சாசனத்தில் கையொப்பம் வாங்கினார்கள். மறுபடி லண்டன் போன அவர், பயமுறுத்தி வாங்கியது செல்லாது என்று அறிவித்துவிட்டார்.

அந்த வருடம் முழுவதும் கலவரம் தொடர்ந்தது. அக்டோபரில் நிலைமை கையை மீறியது. துறவிகளே ஆயுதத்தோடு வெளியே வந்து, கோயிலில் இருந்த ஊராரைத் தாக்கியதாகப் பதிவு இருக்கிறது. பதிலுக்கு ஊர் திரண்டு மடத்தைக் கொளுத்தியது. பழைய வாயில் அழிந்தது. ஊர்க் கோயில்களின் பாதிரியார்கள் பலரும் கலகக்காரர் பக்கம் நின்றார்கள் என்பதால் இதை நாத்திகர்களின் கலகம் என்று தள்ளிவிட முடியாது. அரசுப் படை வந்தது. 30 வண்டிகளில் கைதிகளை நாரிச் நகருக்கு ஏற்றிப்போனார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஊருக்கு விதித்த இழப்பீடு 1,40,000 பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரு நாடே கட்ட முடியாத தொகை. அடுத்த ஆண்டு தலைமறைவாக இருந்த கலகக்காரர்கள் மடாதிபதியைக் கடத்திக் கடல் தாண்டி, இன்றைய பெல்ஜியம் பக்கம் இருந்த பிரபண்ட் தேசத்தில் ஒளித்துவைத்தார்கள். மீட்டு வர மாதக்கணக்கில் ஆனது. 1331இல் ஒரு சமரசம் ஏற்பட்டு, இழப்பீடு 2,000 மார்க் என்று சுருங்கியது. மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. சாசனமும் முத்திரையும் ஊருக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சாம்பல் மேல் எழுந்ததுதான் இன்றைய பெருவாயில்.

இப்போது அதன் முன்னால் நின்றால் கட்டடம் வேறு மாதிரி தெரியும். ஊரைப் பார்க்கும் மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வரவேண்டிய இடங்களில் மாடங்களும் வட்ட வேலைப்பாடுகளும் நிரம்பியிருக்கின்றன. மடத்தின் முற்றத்தைப் பார்க்கும் கிழக்குச் சுவரில் மட்டும் தாராளமான ஜன்னல். வெளிச்சம் உள்பக்கமிருந்து, பாதுகாப்பு வெளிப்பக்கம். வாசல் வளைவுக்குள் நுழைந்தவுடன் பக்கச் சுவரில் ஒரு நீளப் பள்ளம் மேலே போகிறது. கம்பிச்சட்டம் போட்ட கனமான கதவை மாடியிலிருந்து சரேலென இறக்குவதற்கான தடம் அது. உள்ளே வழி இரண்டு பகுதியாகப் பிரிகிறது. முதல் கதவை உடைத்து வந்தாலும் நடுவில் இன்னொரு தடை. மேலே இருந்த விலா வளைகூரை விழுந்துவிட்டது. அதைத் தாங்கிய முளைகள் சுவரில் மிச்சம் இருக்கின்றன.

இவ்வளவு எச்சரிக்கையோடு கட்டியவர்கள் அழகை விட்டுக்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி கல் வேலைக்குப் பொற்காலம். வளைவு ஒன்று கீழே வெளிப்பக்கம் புடைத்து, மேலே உள்பக்கம் வளைந்து, நுனியில் சுடர்போல் கூர்ந்து முடியும். அந்த வடிவத்தை இந்த வாயிலில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். 200 ஆண்டு முந்திய நார்மன் கோபுரத்தின் தடித்த அரைவட்டங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், அதே பார்னாக் கல் என்று சொன்னாலும் நம்பத் தோன்றாத அளவுக்குக் கல் இளகியிருக்கிறது. எனக்கு அந்தத் துளைகள்மீது கோபம் வருகிறது, அவற்றை மறைத்த மாடங்களின் அழகு அந்தக் கோபத்தைத் தடுமாற வைக்கிறது. மறைத்தது தந்திரத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் இன்னும் புனிதர்களின் வீடுதான் என்று ஊரிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

மேலே உள்ள வட்டங்களில் இரண்டு முக்கோணம் பின்னிய ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. இன்று பார்ப்பவர் உடனே யூதர்களை நினைப்பார். அந்தக் காலத்தில் அது அவர்களுடைய தனிச் சின்னம் ஆகியிருக்கவில்லை. கிறிஸ்தவக் கோயில்களிலும் கைவினைஞர்கள் விரும்பிப் போட்ட கோலம் அது. ஆனால் அந்த நினைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். 1190இல் இந்த ஊரில் 57 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்களை அதே ஆண்டு மடாதிபதி சாம்சன் ஊரைவிட்டே வெளியேற்றினார். வாசல் யாருக்குத் திறந்தது என்று பேசும்போது இந்தக் கதையை விட்டுவிடக் கூடாது.

இத்தனை ஏற்பாடும் காப்பாற்றியதா? 1381 ஜூனில் நாடெங்கும் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது, ஜான் ரா என்பவர் தலைமையில் கூட்டம் பெரிக்கு வந்தது. மடத்தின் துணைத் தலைவர் ஜான் ஊருக்கு வெளியே தப்பிப்போகும்போது பிடிபட்டார். அவர் தலையை வெட்டிக் கம்பில் செருகிக் கொண்டுவந்தார்கள். நாட்டின் தலைமை நீதிபதி ஜான் கேவண்டிஷின் தலையும் வந்தது. இரண்டு தலைகளையும் சந்தைத் திடலில் ஒன்றோடொன்று முத்தமிட வைத்தார்கள். மடத்து நிலவரியைக் கவனித்த லேக்கன்ஹீத் என்ற துறவியைக் கேட்டபோது அவர் தானே முன்னால் வந்து நின்று உயிரை விட்டார். இந்த வாயிலின் அம்புத் துளைகளால் இவர்களில் ஒருவரையும் காக்க முடியவில்லை. அடுத்து வந்த பொது மன்னிப்பில் பெரி மட்டும் சேர்க்கப்படவில்லை.

இது பெரியின் கதை மட்டும் இல்லை. நாரிச் நகரில் 1272இல் மக்கள் பேராலயத்து மடத்தைத் தாக்கினார்கள். தண்டனைப் பணத்தோடு அங்கே எழுந்த எதல்பர்ட் வாயிலும் ஊராரின் செலவு. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் சங்கதி இன்னும் கூர்மையானது. வீட்டில் கைத்திரிகையில் மாவரைத்தால் மடத்து ஆலைக்கு வருமானம் போகிறது என்று, மடாதிபதி வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் ஊராரின் திரிகைக் கற்களைப் பறித்துத் தன் கூடத்துக்குத் தளமாகப் பதித்துவிட்டார். வானியலும் கடிகாரமும் தெரிந்த பெரிய அறிஞர் அவர். 1381இல் உள்ளே புகுந்த மக்கள் அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து, உடைத்து, கோயிலில் பிட்டுத் தரும் ஆசீர்வதித்த அப்பம் மாதிரி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துக்கொண்டார்கள். அந்த மடத்தின் 1360களைச் சேர்ந்த வாயில் இன்றும் நிற்கிறது. 1868வரை அது சிறைச்சாலை. இப்போது பள்ளிக்கூடத்தின் பகுதி.

அப்புறம் 1539. எட்டாம் ஹென்றி மடங்களை மூடிக்கொண்டே வந்தார். நவம்பர் 4ஆம் தேதி பெரியின் கடைசி மடாதிபதி ஜான் ரீவ் மடத்தை ஒப்படைத்தார். சில மாதங்களில் அவரும் இறந்துபோனார். கூரையின் ஈயத்தை உருக்கி எடுத்தார்கள். கல் கிடைக்காத மாவட்டம் என்று முன்னே சொன்னேன் இல்லையா, அந்தப் பஞ்சம் இங்கே வேலை செய்தது. வீடு கட்ட, மதில் கட்ட என்று வெளியே போர்த்திய பார்னாக் கல்லை ஊரார் உரித்துக்கொண்டு போனார்கள். 500 அடிக்கு மேல் நீண்டிருந்த பேராலயத்தில் இன்று மிஞ்சியது தோலுரிந்த தீக்கல் குவியல்கள். பேராலயத்தின் மேற்கு முகப்பு இருந்த இடத்தில் அந்தக் குவியல்களுக்குள்ளேயே வீடுகளைப் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். வேறெங்கும் எளிதில் காண முடியாத காட்சி அது.

வாயில்கள் மட்டும் தப்பியதற்கு அவற்றின் அழகு காரணம் இல்லை. நார்மன் கோபுரம் ஊர்க் கோயிலின் மணிக்கூண்டாக இருந்தது. மணியை யாரும் இடிக்க மாட்டார்கள். பெருவாயில், உள்ளே இருந்த இடத்தை வாங்கியவர்களுக்கு வாசலாகவே பயன்பட்டது. இரண்டுமே மடத்துக்கும் ஊருக்கும் நடுவில் நின்றவை, மடம் போன பிறகும் ஊருக்கு வேலை செய்தவை. நார்மன் கோபுரத்தில் பெரிய விரிசல் கண்டபோது 1840களில் காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். 800 ஆண்டுகளில் தெரு மட்டம் ஏறிவிட்டதால், அதன் அடிப்பாகத்தைப் பார்க்க இப்போது குனிந்து கீழே பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் தொங்கும் மணிகள் இன்றும் ஒலிக்கின்றன. ஆன்செல்ம் கட்டிய யாக்கோபு கோயில் நின்ற இடத்தில் பின்னால் எழுந்த கோயில் 1914இல் கதீட்ரல், அதாவது ஆயரின் தலைமைக் கோயில், ஆனது. பெருவாயிலுக்குள் நுழைந்தால் பொதுப் பூங்கா.

1327இல் ஊரார் கேட்ட சுயாட்சியும் பொது முத்திரையும் அவர்களுக்கு 1606இல்தான் கிடைத்தன. முதலாம் ஜேம்ஸ் அரசர் சாசனம் கொடுத்தார். அப்போது மடம் மூடப்பட்டு 67 ஆண்டுகள் ஆகியிருந்தன.